பேட்டுக்கு நரம்பு, எனக்கு நரம்புத்தளர்ச்சி

டென்னிஸ் பேட்டில் நரம்பு அறுந்தால் ஆடுகிறவருக்குப் பத்து நிமிஷம் கோபம். கட்டித் தருகிறவளுக்கு வாரம் முழுக்கக் கோபம். வீட்டிலேயே தொழில் நடத்தும் தையல்காரம்மாக்களே, டியூஷன் டீச்சர்களே, கேக் செய்து விற்பவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். காலேஜில் ஷட்டில் ஆடிய பழக்கத்தில், கல்யாணத்துக்குப் பிறகு நரம்பு கட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கிக் காஞ்சிபுரத்தில் எங்கள் ஹாலில் போட்டேன். அன்றிலிருந்து ஹாலில் சோபாவும் இல்லை, எனக்கு நிம்மதியும் இல்லை.

போர்டு

விளையாட்டு வட்டாரத்தில் இந்த வேலைக்கு ‘கட்டிங்’ என்று பெயர். குடிக்கிற வட்டாரத்தில் அதே சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல், ‘இங்கு பேட் கட்டிங் போடப்படும்’ என்று எழுதி கேட்டில் மாட்டிவிட்டேன். முருங்கைக் கிளை ஒன்று தாழ்ந்து வந்து ‘பேட்’டை மட்டும் மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, டாஸ்மாக் திறக்காத நேரம். ஒருத்தர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கட்டிங் ஒண்ணு குடும்மா.”

“பேட் எங்கண்ணா?”

“அதெல்லாம் வேணாம்மா, தண்ணி மட்டும் குடு, போதும்.”

விளக்கிச் சொன்னேன். அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்: “குடும்பம் நடத்திக்கினு இருக்கிற வூட்ல இப்படி போர்டு வைக்கலாமா? குடிக்கிறவன் மனசுல ஆசைய கெளப்பி வுடறது பாவம்மா.”

ஓட்டை

எதிர் வீட்டில் தறி ஓடுகிறது. அந்த வீட்டு சரோஜா அக்கா ஒருநாள் வந்து, நான் நீளவாக்கில் நரம்புகளை இழுத்துக் கட்டிவிட்டு, குறுக்கு நரம்பை மேலும் கீழுமாக நுழைப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “இதுவும் ஒரு நெசவுதான்க்கா” என்று கொஞ்சம் பெருமையடித்தேன். அக்கா பேட்டைத் தூக்கி, அதன் வழியாக என் முகத்தைப் பார்த்தார். “இவ்ளோ ஓட்ட வுட்டு நெய்ஞ்சா எங்க முதலாளி புடவைய மூஞ்சிலயே வீசுவாரு. உன்னிய மட்டும் எப்படிமா வுட்டு வெச்சிருக்காங்க?”

சுத்த சைவம்

நாங்கள் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, ஒரு பட்டுக்கடை முதலாளியின் மாடி காலியாக இருந்தது. வாசலிலேயே நிறுத்தி, “கவுச்சி சாப்பிடுவீங்களா?” என்றார். ஆமாம் என்றோம். கதவு மூடிக்கொண்டது. நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன்.

சில வருஷம் கழித்து, உடம்பைக் குறைக்க டென்னிஸ் ஆடத் தொடங்கிய அதே முதலாளி என்னிடம் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் வேறு ஏதோ நரம்பு போடுகிறார்களாம், கையே வலிக்காதாம், அதைத் தருவித்துப் போட வேண்டுமாம்.

“அது மாட்டுக் குடல்ல செய்யறது சார்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சுகமாக இருந்தது. ஆனால் அந்தச் சுகம் நீடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பரவால்ல, போடுமா. பேட்டு கார் டிக்கியிலயே கெடக்கும், வூட்டுக்குள்ள வராது.”

பவர்

பத்தாவது படிக்கும் மகளை டென்னிஸ் ராணியாக்கியே தீருவது என்று ஓர் அப்பா. வாராவாரம் அறுந்த பேட்டோடு வருவார். “பாப்பா அடிக்கிற அடிக்கு ஒண்ணும் தாங்கல!” என்று அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைப்பார். அடித்து அறுந்த நரம்பு முனையில் பிசிறு இருக்கும். இதில் இல்லை. ஒருநாள் அவர் போன் பேச வெளியே போனதும், அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் மறைக்கவும் இல்லை. “ரொம்ப கெட்டியா இருக்கறத போட்டுடாதீங்க ஆன்ட்டி, எங்க வீட்டு கத்தரிக்கோல் மொக்க.”

சால்வை

எங்கள் ஊர் கிளப் டென்னிஸ் போட்டி நடத்தியது. என்னைக் கூப்பிட்டு மைதானத்து ஓரமாகப் பந்தல் போட்டு உட்கார வைத்தார்கள். ரெண்டு நாள் வெயிலில் குனிந்த தலை நிமிரவில்லை; விரல் நுனியெல்லாம் கொப்புளம். கடைசி நாள் சாயங்காலம், என்னை வண்டியில் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் பந்தல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“நமக்காக நரம்பு கட்டித் தந்தவரைக் கௌரவிக்கிறோம்” என்று மைக்கில் குரல் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் கிளப் செக்ரட்டரி என்னைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து மேடையேற்றிவிட்டார். ஸ்குரூ டிரைவரைக்கூடத் தலைகீழாகப் பிடிக்கிற மனுஷன், திருதிருவென்று முழித்தபடி சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். பட்டு நெய்யும் ஊரில் அது பாலியெஸ்டர் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

செக்ரட்டரியிடம் போய், கட்டினது நான் என்று சொன்னேன். தவறு செய்துவிட்டோமே என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாருக்குப் போட்டா என்ன, மேடத்துக்குப் போட்டா என்ன, ஒரே பீரோலதானமா வெக்கப் போறீங்க!”

மொத்தத்தில், இந்த ஊரில் மேட்ச் தோற்றால் அது நான் கட்டின நரம்பு, ஜெயித்தால் அது அவர்கள் வீட்டு ரத்தம்.