வெட்டிவேர் மணத்த வண்டி

டாஷ்போர்டின் மேல் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் நிறப் பாட்டில் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எலுமிச்சை வாசனை என்று அதன் மூடியில் எழுதியிருந்தது. திண்டிவனத்தில் சீட் கவர், கால்மிதி எல்லாம் விற்கிற கடையில் வாங்கி, ஏசி காற்று நேராக அதன்மேல் படுகிற மாதிரி ஒட்டியிருந்தேன். டெய்லரக்கா முதன்முதலாக என் வண்டியில் ஏறிய அன்று, கூட்டேரிப்பட்டைத் தாண்டுவதற்கு முன்பே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சற்று நேரத்தில் என் சீட்டின் முதுகைத் தட்டினார். "அண்ணே, ஓரம் கட்டுங்க. குமட்டிக்கினு வருது." நான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் முடிந்து வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்று மெதுவாகச் சொன்னார். "அந்தப் பாட்டில எடுத்துருங்கண்ணே. பாத்ரூம் கழுவுற தண்ணியக் குடிச்சாப்ல இருக்குது." எடுத்துவிட்டேன். அந்தப் பாட்டில் எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது. வாங்கிய நாளிலிருந்தே தெரியாது.

பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த காய்ச்சல் என் மனைவியைக் கொண்டுபோனது. என்னிடமிருந்து வாசனையைக் கொண்டுபோனது. சில மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். சிலருக்குத் திரும்புவதில்லை என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். போன இரண்டில் எதற்காகவும் நான் பெரிதாக அழுததாக ஞாபகம் இல்லை. அடுப்பில் பால் தீய்ந்தால் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். நேற்றைய சாம்பார் கெட்டுவிட்டதா என்று பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்பேன். வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்கு இது இன்னும் பெரிய பேஜாரு. சவாரி ஏறுகிறவர்கள் முகத்தைச் சுளித்தால் எதற்கென்று புரியாது. எந்த வாடை அடித்தாலும் மேலே இது அடிக்கட்டும் என்றுதான் அந்தப் பாட்டிலை வாங்கி ஒட்டியிருந்தேன்.

டெய்லரக்கா என்றால் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் இளையவர்தான். ஊரே அக்கா என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். என் மனைவியும் அவரிடம்தான் தைக்கக் கொடுப்பாள். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்று தெரியவந்தபோது வெகுவாக முற்றிப்போயிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தார். ஒருமுறை ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அதன்பிறகுதான் அவர் கணவர் என்னிடம் வந்து, "நான் கட்டட வேலைக்குப் போயிடறேன், கூட வர முடியல. நீங்கதான் பாத்துக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நோய் வந்தவர்களுக்கு மூக்கு கத்தி மாதிரி ஆகிவிடும்போல. வாயில் எப்போதும் இரும்புத்துண்டைப் போட்டுக்கொண்டது மாதிரி இருக்கிறது என்பார். கரும்பு அரைக்கும் காலத்தில் நெடுஞ்சாலையோரச் சர்க்கரை ஆலைப் பக்கம் புளித்த வாடை அடிக்குமாம். அது வருவதற்கு வெகு முன்பே கண்ணாடியை ஏற்றச் சொல்வார். பாட்டிலை எடுத்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. அடுத்த சவாரியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வண்டியில கருவாட்டு வாடை அடிக்குது." முந்தைய நாள் பொம்மையார்பாளையம் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு குடும்பத்தை மூட்டை முடிச்சோடு ஏற்றிவந்திருந்தேன். அப்போதுதான் என் மூக்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். என்மேல் இரக்கப்பட்டு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குள் ஒரு கூச்சம். அவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. "அப்பிடின்னா நீங்க ஓட்டுங்க. நான் மோந்து பாத்து சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடைகளில் காருக்கென்று விற்கிற வாசனைப் பைகளை ஒவ்வொன்றாக வாங்கிவருவேன். காகிதப் பைக்குள் மணி மணியாக ஏதோ இருக்கும். கண்ணாடியில் தொங்கவிட ஒரு கயிறும் இருக்கும். மல்லிகை என்று போட்டிருந்ததைக் கதவைத் திறந்ததுமே வேண்டாம் என்றார். சாவு வீட்டு மாலை மாதிரி இருக்கிறதாம். சந்தனம் தலையை வலித்தது. ஏதோ கடல் வாசனை என்று நீல நிறத்தில் ஒன்று. "இன்னாண்ணே இது, கடலு இப்பிடியா இருக்கும்? சோப்புத் தூளு" என்றார். கடைச் சரக்கே வேண்டாம் என்று முடிவெடுத்து, தைத்து மிஞ்சிய லைனிங் துணியில் அவரே உள்ளங்கை அளவில் பைகள் தைத்தார். அதில் ஏலக்காய்த் தோல் போட்டுப் பார்த்தோம். அவருக்குப் பாயசம் ஞாபகம் வந்து, டாக்டர் குடிக்கக் கூடாது என்ற எல்லாமும் ஞாபகம் வந்தது. காப்பிக்கொட்டையும் அப்படியே. பச்சைக் கற்பூரம் காரமாக இருந்தது. மரிக்கொழுந்து முதல் நாள் நன்றாக இருந்தது, மறுநாள் வைக்கோல் ஆகிவிட்டது. கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கி, மண் போக அலசி, நிழலில் காயவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, கூடவே காய்ந்த எலுமிச்சைத் தோல் கொஞ்சம் சேர்த்துப் பையில் போட்டுத் தைத்துக் கொண்டுவந்தார். அன்று விழுப்புரம் வரை வாந்தி இல்லை. இறங்கும்போது, "இது இருக்கட்டும்ணே" என்றார்.

எங்கே வைப்பது என்பதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடியில் தொங்கவிட்டால் வெயில் பட்டு ஒரேயடியாக மணந்து சீக்கிரம் செத்துப்போகும். ஏசி வாய்க்கு நேராக வைத்தால் முகத்தில் அடிக்கும். முன் சீட்டுக்கு அடியில் ஒன்று, பின் கதவில் தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் குழியில் ஒன்று. அவ்வளவு போதும். மணம் குறைந்தால் பையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிவிட வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் வேர் மறுபடி உயிர் பெறும். ரொம்ப நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். முதலில் வண்டியைக் கழுவி, கால்மிதியைக் காயவைத்த பிறகுதான் பை வைக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. "அழுக்கு மேல செண்டு அடிச்சாப்ல ஆயிடும்" என்பார். இதையெல்லாம் நான் ஒரு வேலையைப் போலச் செய்தேன். எனக்கு அந்தப் பை வெறும் துணிதான். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துத்தான் வண்டி எப்படி மணக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

போகும்போது பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது பேச்சு இருக்காது. வெயில் நாளிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இடது கையை மடியில் வைத்து, சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கையில் ஊசி ஏற்றுகிற இடம் முழங்கைக்கு மேலே புடைத்து முண்டுமுண்டாக இருக்கும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நிற்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து, "எங்க இருக்கோம்ணே?" என்பார். சொல்வேன். மறுபடி மூடிக்கொள்வார். வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஆனாலும் அந்த மௌனம் வீட்டு மௌனத்தைப் போல இல்லை என்று தோன்றும். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

ஒருநாள் என் தங்கை ஊரிலிருந்து வந்திருந்தபோது பீரோவைத் திறந்து துணிகளை அடுக்கினாள். என் மனைவியின் புடவை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு, "அண்ணி வாசனை இன்னும் அப்பிடியே இருக்குதுண்ணே" என்று அழுதாள். அவள் போன பிறகு அந்தப் புடவையை எடுத்து நானும் முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையை வழியில் டெய்லரக்காவிடம் சொன்னேன். "அடுத்த வாட்டி எடுத்துக்கினு வாங்க. நான் பாத்து சொல்றேன்" என்றார். எடுத்துப்போனேன். மடித்த புடவையை மடியில் விரித்து, முதலில் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு நான்தான் ஓரம் அடிச்சுக் குடுத்தேன்." பிறகு குனிந்து மூச்சை இழுத்தார். இன்னொரு இடத்தில் வைத்து மறுபடி இழுத்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"பூச்சி உருண்டை வாசனதான்ணே வருது" என்றார். "வேற ஒன்னும் இல்ல."

பீரோவில் பூச்சி உருண்டை போட்டது என் தங்கைதான். அவர் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மஞ்சள், பவுடர், வேர்வை என்று எதையாவது சொன்னால் நான் நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை. புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து முன் சீட்டில் வைத்தார். என் மனைவி இறந்த பிறகு எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. பூச்சி உருண்டை என்று அவர் சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது.

கணவரின் சிறுநீரகமே பொருந்துகிறது என்று தெரிந்தபோது இரண்டு பேரும் சென்னைக்குப் போனார்கள். ஆபரேஷன் முடிந்து, கிருமி தொற்றாமல் இருக்க அங்கேயே ஒரு வீடு எடுத்து வெகுநாள் தங்கினார்கள். அவ்வப்போது அவர் கணவர் போனில் சொல்வார், நல்லா இருக்கிறாள், சாப்பிடுகிறாள் என்று. நான் பைகளை மாற்றுவதை நிறுத்தவில்லை. கையில் தைக்கத் தெரியாததால் பழைய பையையே பிரித்துப் புது வேரை அடைத்துக் கட்டினேன். சவாரி வந்தவர்களுக்கும் அது பிடித்திருந்தது. மண்டகப்பட்டு குகைக்கோயிலைப் பார்க்கப் போன ஒரு பெரியவர், "வண்டிக்குள்ளயே கோயில்ல உக்காந்த மாதிரி இருக்குதுப்பா" என்றார். எனக்கே அது பெருமையாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு மயிலத்துக்கு வேண்டுதல் செலுத்தப் போக வேண்டும் என்று வண்டியைக் கேட்டார்கள். கழுவித் துடைத்து, புது வெட்டிவேர் வைத்து எடுத்துப்போனேன். டெய்லரக்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கன்னம் சற்று உப்பி, நடை பழைய நடையாக இருந்தது. "எப்பிடிண்ணே இருக்கீங்க?" என்று கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே பின் சீட்டில் அவருடைய பழைய இடத்தில் உட்கார்ந்தார். கணவர் அந்தப் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் வண்டியைக் கிளப்பினேன். தெருமுனை திரும்புவதற்குள் கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. வலது கையால் இடது கையின் அந்தப் புடைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கண்ணே. ஜல்தி."

இறங்கியவர் ஒரு வீட்டுச் சுவரில் கைவைத்து வாந்தியெடுத்தார். கணவர் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினார். சற்று நேரம் கழித்து என்னைப் பார்த்து, "உங்க மேல ஒன்னும் இல்லண்ணே. உடம்புலயும் ஒன்னும் இல்ல. அந்த வேரு வாசன வந்ததும் கையில ஊசி ஏறுறாப்ல ஆயிடுச்சு. ரத்தம் சுத்தம் பண்ற மிஷின் ஓடுற சத்தம்கூட கேக்குது" என்றார். நான் பைகளை எடுத்துத் தூரமாக வீசினேன். நான்கு கதவையும் திறந்துவைத்தேன். காத்திருந்து, அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சீட்டில் ஊறிவிட்டதாம். அவர்கள் அன்று பஸ்ஸில் போனார்கள். டிரிப்புக்கு உண்டானதை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவர் கணவர் வற்புறுத்தினார். வேண்டாம் என்றேன்.

அந்த வாரமே சீட்டுகளைக் கழற்றி நுரை போட்டுக் கழுவக் கொடுத்தேன். சீட் கவரை மாற்றினேன். கால்மிதிகளை மாற்றினேன். ஏசியைச் சுத்தம் செய்தேன். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். போயிருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏறுகிற சவாரியிடமெல்லாம் கேட்டேன். ஒருவர் ஒன்றும் இல்லை என்றார். இன்னொருவர் லேசாக ஏதோ இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நம்பிக் கேட்கக்கூடிய மூக்கு ஒன்றுதான் இருந்தது. அதனிடம் கேட்க முடியாது.

போன மாதம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாலைக்கு எதிர்ப்புறம் பஸ்ஸுக்காக டெய்லரக்கா நின்றுகொண்டிருந்தார். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கல்யாணமாம், மணப்பெண்ணுக்குத் தைத்த ரவிக்கைகளைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். இதெல்லாம் சாலையைத் தாண்டி நான் அவரிடம் போன பிறகு தெரிந்தது. நான் பாதி தூரம் வந்ததுமே அவர் ஓர் அடி பின்னால் போனார். பிறகு அப்படிச் செய்தது தெரிந்து நின்றுவிட்டார். என் சட்டையிலும் அந்த வேர் வாசனை இருந்திருக்கும்.

"காத்து அந்தப் பக்கமிருந்து அடிக்குதுண்ணே" என்றார். "நீங்க கொஞ்சம் இப்பிடி வந்து நில்லுங்க."

அவர் காட்டிய பக்கம் போய் நின்றேன். இப்போது காற்று அவரிடமிருந்து என் பக்கம் வீசியது. கணவர் மறுபடி வேலைக்குப் போகிறார், பாரம் மட்டும் தூக்குவதில்லை என்றார். மிஷினை மாடிப்படியிலிருந்து ஒரு கடைக்கு மாற்றிவிட்டாராம். என் மூக்கைப் பற்றிக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "வரும்ணே" என்று அவர் சொல்லவில்லை. "வண்டி எப்பிடி இருக்குது?" என்றார். நல்லா இருக்குது என்றேன். அவர் உயிரோடு, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறப் போகிறார். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

விழுப்புரம் பஸ் வந்தது. நல்ல கூட்டம். அக்கா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்துவிட்டார். பஸ் நகரும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எனக்குச் செஞ்சி பக்கம் ஒரு சவாரி இருந்தது. சாலையைத் தாண்டிப் போய், டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.