பெயரை மூடிவிட்டுப் பார்த்த பத்மா அக்கா

குளிர்கால டயர்களைக் கழற்றுவதற்காக ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் ஒரு கராஜில் காத்திருந்தபோது கவின் அழைத்தான். பத்மா அக்காவின் மகன். "சிவா அங்கிள், அம்மா காலமை போயிட்டா. நித்திரையிலேயே. ஃபியூனரல் டீடெயில்ஸ் பிறகு டெக்ஸ்ட் பண்றன்," என்றான். ஓம், ஓம் என்றேன். போனை வைத்த பிறகு முதலில் வந்தது கோபம்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரோடு தொடங்கிய வாக்குவாதம் ஒன்று முடியாமல் கிடந்தது. நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

டோர்செட் பார்க் மருந்துக்கடையில் கவுன்ரருக்கு வெளியே வந்து, எந்தக் குளிசையை எப்போது போடவேண்டும் என்று விளங்கப்படுத்திய பத்மா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பத்மா அக்காவைச் சிலருக்குத்தான் தெரியும். நாங்கள் இருவரும் குறிபார்த்துச் சுடும் ஒரு கிளப்பில் பல வருடங்களாக உறுப்பினர்கள். நல்ல விலையுள்ள பிஸ்டல்களின் வேலைப்பாட்டை எடைபோடுவதில் அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. பத்மா அக்காவும் துவக்குமா, துப்பாக்கியோடு அவருக்கு என்ன வேலை என்று முகம் சுழிப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

கிளப்பில் சேர்ந்த புதிதில் ஒரு அமெரிக்கப் பிஸ்டலில் எனக்கு ஆசை வந்தது. பாகம் பாகமாகக் கையால் அராவிப் பொருத்தியது என்றார்கள். அதைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. "தம்பி, ஆட்டிப் பாக்கிறது தேங்காய்க்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. என்னைவிட இரண்டே வயது மூத்தவர் என்னைத் தம்பி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அதை வாங்கி, உள்ளே குண்டு இல்லை என்று தான் பார்த்து, நானும் பார்க்கும்படி திருப்பிக் காட்டினார். பிறகுதான் பேசினார். "மேலை ஓடுற ஸ்லைட் ஆடினால் என்ன, ஆடாட்டில் என்ன? ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழல் வந்து அதே இடத்திலை இருக்குதோ எண்டு பாரும். வெளியாலை மினுக்கினதை விட்டிட்டு உள்ளுக்கை பாரும்." நான் வீம்புக்கு அந்த அமெரிக்கப் பிஸ்டலையே வாங்கினேன். எங்கள் சண்டையும் சிநேகமும் அன்றைக்குத் தொடங்கின.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒப்பிடவேண்டிய பிஸ்டல்களில் தயாரிப்பாளரின் பெயர் பொறித்த இடத்தையெல்லாம் கறுப்பு ஒட்டுப்பட்டியால், நாங்கள் சொல்லும் ரேப்பால், மூடிவிடுவார். விலையையும் சொல்லமாட்டார். "பேரைக் கண்டால் கை பொய் சொல்லும்," என்பார். அனுபவமுள்ளவனுக்கு ரேப் ஒட்டினாலும் உருவத்தை வைத்தே பிடிபடும் என்று நான் வாதாடினேன். "எத்தினை பேருக்குப் பிடிபடுது எண்டு பாப்பமே," என்று சிரித்தார்.

இலங்கையில் போர் முடிந்த 2009 இளவேனிலில்தான் அவருக்குச் சோதனை வந்தது. சொந்தமாகப் பிஸ்டல் இல்லாத உறுப்பினர்கள் பயன்படுத்த ஒன்றை வாங்கக் கிளப் முடிவு செய்திருந்தது. மூன்றை ஒப்பிட்டுக் காட்டும் பொறுப்பு அக்காவுடையது. அக்காவின் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். வாரக்கணக்காகத் தகவல் இல்லை. அக்கா மருந்துக்கடை வேலை முடிந்ததும் நேரே நகர நடுவுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு நிற்கும் சனத்தோடு தானும் நின்றார். ரொறன்ரோவில் தொலைக்காட்சியைத் திறந்தால் எங்கள் முகங்கள்தான். கிளப்பிலிருந்த மற்ற மூன்று தமிழர்களும், ஏன் வில்லங்கம் என்று வராமல் விட்டார்கள். தலைவர் கென் அக்காவை அழைத்து, இந்த முறை வேறு யாராவது செய்யட்டுமே, ஒரு தமிழ்ப் பெண் துவக்கோடு நிற்பதை யாராவது படம் எடுத்துப் போட்டால் கிளப்புக்குக் கெட்ட பெயர் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. "அங்கை சனம் சாகுது, உமக்குத் துவக்கு விளையாட்டோ?" என்று கோயிலில் ஒரு அன்ரி எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"நான் ரெண்டு இடத்திலையும் நிப்பன், அன்ரி," என்றார் அக்கா. காருக்குள் ஏறிய பிறகு என்னிடம் சொன்னார்: "இண்டைக்கு மேசையிலை இருந்து எழும்பச் சொல்லுவினம். எழும்பினமெண்டால், நாளைக்கு வாசல்லை மறிப்பினம். பிறகு இந்தக் கிளப்புக்கை ஒரு தமிழ் ஆளும் கால் வைக்கேலாது."

ஒப்பீடு மே மாதம், விக்டோரியா தின விடுமுறையன்று. அன்று காலையில்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. நான் அழைத்து, "அக்கா, இண்டைக்கு விடுங்கோ," என்றேன். "வீட்டை இருந்து ரீவியைப் பாத்துக்கொண்டிருக்கவோ? பத்து மணிக்கு வாறன் எண்டு சொன்னனான். வாறன்," என்றார். சொன்ன நேரத்துக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தார்.

கார் நிறுத்துமிடத்திலேயே கென் எங்களைக் கண்டார். கெட்ட மனிதர் அல்லர், பயந்த மனிதர். "பத்மா, இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போனால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்," என்றார். அக்கா நின்றார். "பிஸ்டல்களின் பெயருக்கு ரேப் ஒட்டியிருக்கிறேன், கென். எனக்கும் ஒட்டவேண்டுமா?" கென் வழிவிட்டார்.

மேசையில் மூன்று பிஸ்டல்கள், மூன்றும் வெறுமையாக, ஸ்லைட் பின்னுக்கு இழுத்துத் திறந்தபடி. ஒன்று சுவிஸ், ஒன்று செக் நாட்டது, ஒன்று நான் தலையில் வைத்துக் கொண்டாடிய அமெரிக்கன். எது எது என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றையும் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். முதலாவதில் கண்ணுக்குத் தெரியாத இடமும் வெளிப்புறம் போலவே வழுவழுப்பாக இருந்தது. இரண்டாவதில் பொருத்தம் இம்மியும் பிசகவில்லை. ஆனால் முன்பு சுட்டுப் பார்த்ததில் புகைக்கரி படிந்திருந்ததால் ஸ்லைட் சோம்பலாக ஓடியது. மூன்றாவதில் உள்ளே கருவி ஓடிய கீறல்கள் அப்படியே தெரிந்தன. ஆனால் குழலின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினால் அது அசையவில்லை, எத்தனை தரம் இழுத்து விட்டாலும் அதே இடத்தில் வந்து பூட்டியது. விசை எங்கே இறுகுகிறது, எங்கே விடுகிறது என்று ஒவ்வொருவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "இவ்வளவும் தெரிந்து வைத்திருக்கிறீர்களே, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?" சாதாரணக் கேள்விதான். அது சாதாரணக் கேள்வி இல்லை என்று அறையிலிருந்த எல்லோருக்கும் விளங்கியது. எனக்கு இரத்தம் கொதித்தது. நான் எழும்பமுதல் அக்கா பதில் சொன்னார்.

"அங்கே துவக்கைக் கண்டால் நான் ஓடினேன். ஊரில் இருந்தவரைக்கும் ஓடிக்கொண்டேதான் இருந்தேன். முதன்முதலில் கையால் தொட்டது இங்கே, இந்த மேசையில். படிப்பித்தவர் அதோ நிற்கிறார்."

எல்லோரும் கென்னைப் பார்த்தார்கள். அவர், "ஆமாம். நான்தான் படிப்பித்தேன். தொடருங்கள், பத்மா," என்றார். அக்கா தொடர்ந்தார்.

வாக்கெடுப்பில் மூன்றாவது வென்றது. நானும் அதற்குத்தான் கை உயர்த்தினேன். ரேப்பை உரித்தபோது அது செக் பிஸ்டல். நான் அதுநாள்வரை இளக்காரம் செய்து வந்ததும் அதைத்தான். வேறொரு நாளென்றால் அக்கா என்னை ஒரு வருடத்துக்கு வைத்துக் கிண்டல் செய்திருப்பார். அன்று கையைக் கழுவினார், ஜக்கெற்றைப் போட்டார், "வாரும், சனம் நிக்குது, போவம்," என்றார். நெடுஞ்சாலையில் ஏறமுதலே தம்பியின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். ஒருவரை அப்படி அழ நான் அதற்குமுன் கண்டதில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அன்று பின்னேரம் முழுக்க நகர நடுவில் சனத்தோடு நின்றார். தம்பியைப் பற்றிய சேதி பிறகும் வரவேயில்லை. கேட்கக்கூடிய இடமெல்லாம் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு மற்ற மூன்று பேரும் கிளப்புக்குத் திரும்பி வந்தார்கள். யாரும் மறிக்கவில்லை.

பிஸ்டல்கள் கைமாறக்கூடாது என்று சில வருடங்களுக்கு முன் வந்த சட்டப்படி அக்காவின் பிஸ்டல் மகனுக்கும் போகமுடியாது, எனக்கும் வரமுடியாது. செத்தவீடு முடிந்த கிழமை கவின் அதைப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டான். எனக்கு மனம் ஆறவில்லை, ஆனால் சட்டம் சட்டம்தான். கென் இப்போது வயதாகித் தடியூன்றி வருகிறார். "இனி ஒருவரும் புதிதாக வாங்கமுடியாது. ஒப்பிட்டு என்ன பயன்? பத்மாவின் வேலையை அவரோடேயே விட்டுவிடலாம்," என்றார். வாங்கமுடியாது என்றால், இருக்கிறவற்றில் எது நின்றுபிடிக்கும் என்று முன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். வரும் ஞாயிறு பத்து மணிக்கு அந்த மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ் ஆள் நிற்பான்.