ரிஜெக்ட் அக்கா பாஸ் போட்ட நாவல்

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளை முகத்துக்கு நேராக அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட் என்போம். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் போகும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி எங்கள் மேலேயே திருப்பி வீசுவாள். இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. ஒரு மனுஷி இருபத்தெட்டு வருஷம் குறையை மட்டுமே தேடினால் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கலாம். டிக்கெட் கிடையாது.

வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் பின்பக்க அறை. வாஷிங் மெஷினும் அந்த அறையில்தான் இருந்தது. துணி போட வரும் அண்ணி ஒருநாளும் கதவைத் தட்ட மாட்டாள். நான் அங்கே போயிருந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அது இரண்டு தடவை நடந்தது. அக்கா கட்டிலில் காலை நீட்டி நாவல் படித்துக்கொண்டிருந்தாள். "இந்த வயசுல லவ் கதை" என்று அண்ணி மெஷினைப் பார்த்துச் சொன்னாள். அக்கா பக்கத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று நாவல், எல்லாம் வாடகை லைப்ரரிப் புத்தகம், எல்லாம் காதல், எல்லாம் புதுசு. பழைய நாவல்களில் ஆட்கள் ரொம்ப நேரம் நிலாவைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு ஆகாது.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் முப்பது பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அந்த வாரம் படித்த நாவல்களுக்குத் தீர்ப்பு சொல்லும் நேரம் அது. சட்டைக்கு இருந்த அதே மூன்று தீர்ப்புதான். பாஸ் என்றால் அந்தப் புத்தகம் கைக்குக் கை போய் ஒரே மாதத்தில் அட்டை கிழிந்துவிடும். ஆல்டர் என்றால் முதல் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். ரிஜெக்ட் என்றால் தீர்ந்தது, சும்மா கொடுத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி மேல போய் விழறா. அவனும் தாங்கிப் பிடிக்கிறான். நம்ம கம்பெனில விழுந்து பாருங்கடி, அரை நாள் சம்பளம் போகும். ரிஜெக்ட்."

"எழுபது பக்கம் பிரிஞ்சு கிடந்து அழறாங்க. ஒரு போன் போட்டிருந்தா ஏழே வரில முடிஞ்சிருக்கும். ரெண்டு பேர்கிட்டயும் போன் இருக்கு, சார்ஜும் இருக்கு. ஆல்டர்."

"ஹீரோ டாக்டர். மொத்தக் கதைலயும் ஒருத்தனுக்குக்கூடக் காய்ச்சல் வரல. இவனுக்கு யாருடி சம்பளம் குடுக்கிறா?"

நாங்கள் சிரித்துச் சிரித்துச் சோற்றைத் துப்புவோம். ஆனால் அவள் வெறும் வாய்க்காரி இல்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. "சட்டையோட வெளிப்பக்கத்தைப் பாத்து வாங்குறவன் ஏமாந்து போவான். உள்பக்கம் திருப்பித் தையலைப் பாக்கணும். நாவலும் அப்படித்தான். அவனும் அவளும் சேர்ந்து நிக்கிற இடத்தை எல்லாம் விட்டுடு. அங்க எல்லா நாயும் நல்ல நாய்தான். அவ இல்லாதப்போ அவன் என்ன பண்றான்? அதை எழுதத் தெரிஞ்சவதான் எழுதத் தெரிஞ்சவ." இப்படிப்பட்ட ஒருத்தியிடம் பாஸ் வாங்க வேண்டும் என்று ஒரு முட்டாளுக்குத்தான் தோன்றும். எனக்குத் தோன்றியது.

நான் காலர் தைப்பவள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஒன்றரை வருஷம் எழுதி, புனைபெயரில் ஒரு நாவல் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் அதில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அட்டையில் இருந்த பெண் அழகாக இருக்கிறாள் என்றார். போகட்டும். எனக்கு அக்கா பாஸ் என்று சொல்ல வேண்டும், எழுதியது யார் என்று தெரியாமல் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "லைப்ரரில புதுசா வந்திருந்துச்சுக்கா" என்று கொடுத்தேன்.

புதன்கிழமை புத்தகம் சிவப்பாகத் திரும்பி வந்தது. நாற்பத்திரண்டு அம்பு. அக்கா நின்றுகொண்டு, அவன் காதலைச் சொல்லும் இடத்தை ஆண் குரலில் வாசித்தாள். "'உன் மூச்சுக் காற்றுதான் என் முகவரி.' டேய், அப்போ போஸ்ட்மேன் எங்கடா போவான்?"

கூடம் அதிர்ந்தது. சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேன் என்று நானும் சிரித்தேன். பக்கத்திலிருந்த பட்டன் மெஷின்காரி சிரிப்பு தாங்காமல் என் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.

"இதை எழுதினவ ஆம்பளையோட குடித்தனம் பண்ணியிருக்கா, ஆனா ஒரு நாளும் அவனைக் கவனிச்சதில்ல" என்றாள் அக்கா. "அவ ரூமை விட்டுப் போனதும் இவனுக்குக் கதையில வேலையே இல்ல. கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி தொங்குறான். ரிஜெக்ட்."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் பொறுக்கவில்லை. பொய்யாகத் திட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் வருவதாகத் தெரியவில்லை. நான் கேட்டேன், "அவ இல்லாதப்போ அவன் என்ன பண்றான்னு உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு பிடிபடுது?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இருபது வருஷம் முன்னால் கம்பெனியில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை இருவரும் சேர்ந்து நடப்பார்கள். தாய்க்கு உடம்பு தேறட்டும், வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று மூன்று வருஷம் சொன்னார். வாரம் ஒரு சட்டை கொண்டுவந்து கொடுப்பார். விட்டுப்போன பட்டனை எல்லாம் இவள் வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள்.

"ஒரு நாள் கம்பெனி கேட்டுல ஒரு பொம்பளை வந்து நிக்கிறா. இடுப்புல குழந்தை, கைல ஒரு டப்பா ஸ்வீட். 'எங்க வீட்டுக்காரர் சட்டைக்கெல்லாம் பட்டன் தைச்சுத் தர்றது நீங்கதானாமே? தங்கச்சி மாதிரின்னு சொல்லுவார். எனக்கு ஊசியே பிடிக்க வராதுங்க, பெரிய உபகாரம்'னு கையைப் பிடிச்சுக்கிட்டா. நல்லவ பாவம்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"பரவாயில்லங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அந்த வாரத்துச் சட்டை பையிலயே இருந்துச்சு. மிச்சம் ரெண்டு பட்டனையும் தைச்சு அவ கையிலயே குடுத்தனுப்பினேன்."

"ஐயோ, ஏன்க்கா?"

"பாதியில விட்டா மத்ததும் பிஞ்சுடும்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தன் கதையை யாரிடமும் வாய் திறக்காதவள் போயும் போயும் என்னிடம் திறந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முதல் வரி வந்துவிட்டது.

ஐந்தே மாதத்தில் எழுதி முடித்தேன். கட்டிங் மாஸ்டர், பட்டன், ஸ்வீட் டப்பா, தங்கச்சி மாதிரி, எல்லாம் போட்டேன். வாஷிங் மெஷினையும் அண்ணியையும்கூட விடவில்லை. அவளை ஒரு பேங்க்காரியாகவோ டீச்சராகவோ மாற்றியிருக்கலாம். இரண்டு நாள் வேலை. மனசு வரவில்லை. முப்பது பேர் முன்னால் என் மூக்கை அறுத்தவள்தானே, அவளும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. இந்தத் தடவை தையல் எங்கேயும் விடவில்லை என்று எனக்கே தெரியும். அந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மனைவியிடம் நீட்டி, பட்டனைத் தடவிக் காட்டி, அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று சிரித்தபடி பேசும் இடத்தை ஒன்பது தடவை திருத்தியிருந்தேன். பாஸ் வேண்டும், அவள் துடிக்கவும் வேண்டும். இரண்டும் வேண்டும் எனக்கு.

வேறு புனைபெயர், வேறு அட்டை. அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் புதன்கிழமை அக்கா சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவித் துடைத்து மூடிவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்தாள். ஒரு ஸ்டிக்கர் இல்லை.

"பாஸ்" என்றாள்.

இன்னும் ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அவன் தனியா இருக்கிற இடம் எல்லாம் சரியா வந்திருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தி எழுதி நான் படிச்சதில்ல. எல்லாரும் படிங்க."

என் வயிற்றில் பால் வார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே மறந்துபோனேன்.

எல்லோரும் படித்தார்கள். அக்கா வாக்கைத் தட்ட முடியுமா? அயர்ன் செக்ஷனில் ஒரு பழைய ஆள் இருந்தாள். அவளுக்குக் கட்டிங் மாஸ்டரை ஞாபகம் இருந்தது, கேட்டுக்கு வந்த பெண்ணையும் ஞாபகம் இருந்தது. அவள் அப்போதே அந்த ஸ்வீட்டில் இரண்டு தின்றவளாம். மூன்றாவது வாரம் ரிஜெக்ட் என்ற பெயர் போய்த் தங்கச்சி என்ற பெயர் வந்தது. இத்தனை வருஷம் அவள் சட்டையை வீச, வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது. ஒரு காலையில் பட்டன் தொங்கும் பழைய ஆண் சட்டை ஒன்றை யாரோ அவள் மேஜையில் மடித்து வைத்திருந்தார்கள். லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. அவள் அதை எடுத்து, கழிவுத்துணிக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். நாவல் எதுவும் கையில் இல்லை.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு மதியம் அவள் எதிரில் போய் நின்றேன். "அக்கா, அது நான் எழுதினது."

"தெரியும். உன்கிட்ட மட்டும்தான சொன்னேன்."

"அப்புறம் ஏன்க்கா பாஸ் போட்டீங்க? எல்லாரையும் ஏன் படிக்கச் சொன்னீங்க?"

"நல்லா இருந்துச்சே. அதை எப்படி இல்லன்னு சொல்ல?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேனா என்றால், இல்லை. "நல்லா இருந்துச்சு" என்றதும் மறுபடியும் மனசு குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போனது பாருங்கள். "எதையாவது மாத்தணுமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் வாயிலிருந்த சோற்றை மென்று முழுங்கிவிட்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பாவி.

"கடைசில அவ செத்துப்போற மாதிரி முடிச்சிருந்தா படிக்கிறவளுங்க அழுதிருப்பாளுங்க" என்றாள். "வேண்டாம். அது பொய். இதுக்கெல்லாம் யாரும் சாகிறதில்ல. மறுநாள் எட்டே காலுக்கு வேலைக்கு வருவாங்க."

மறுநாள் எட்டே காலுக்கு அவள் கேட்டுக்குள் நுழைந்தபோது நான் அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தேன். "தங்கச்சி வந்தாச்சுடி" என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. ஓடிப்போய் அவள் பக்கத்தில் நடந்திருக்கலாம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அப்போதுதான் பதிப்பாளரிடமிருந்து போன் வந்தது. புத்தகம் நன்றாகப் போகிறது, அடுத்த கதை எப்போது என்று கேட்டார். நடையைக் குறைத்து, அவள் உள்ளே போகட்டும் என்று நின்றேன்.

"சீக்கிரம் தந்துடறேன் சார்" என்றேன்.