குவாக்கோ ஊதாத காலை

ஊதுவதற்கு முன் குவாக்கோ சங்கைக் கவிழ்த்து உள்ளங்கையில் மூன்று முறை தட்டுவான். இரவில் உள்ளே புகுந்த எறும்புகள் உதிரும். ஒருமுறை தட்டாமல் ஊதி உதடு வீங்கியதிலிருந்து வந்த பழக்கம் அது. பிறகு ஒரு வாய் தண்ணீரை உள்ளே விட்டுச் சுழற்றிக் கொட்டுவான். ஊதும் துளையைக் கட்டைவிரலால் துடைப்பான். கடைசியாகக் கண்ணை மூடிக்கொள்வான். அந்தச் சத்தம் கேட்டும் வயலுக்கு வராதவர்களின் முதுகில் சாட்டை விழும். அதனால், ஊதும்போது யாருடைய குடிசையையும் பார்க்க அவனுக்குப் பிடிக்காது.

ஜமைக்காவின் மேற்கு மலையில், அடிமைகள் உழைத்த அந்தக் கரும்புத் தோட்டத்தில் பதினாறு வருடமாக அவன்தான் சங்கூதி. வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் நசுங்கிய பிறகு, வெட்டுக்கு ஆகாதவன் என்று சங்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

1831 கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. செவ்வாயோடு விடுமுறை முடிந்தது. செவ்வாய் மதியம் குவாக்கோவும் மனைவி பெனிபாவும் மலைமேல் தங்கள் துண்டு நிலத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தச்சன் கேட்டோ மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"நாளைக்கு யாரும் வயல்ல இறங்கப் போறதில்ல. ஜெபக்கூட்டத்துல சத்தியம் பண்ணியாச்சு. கூலி குடுத்தா வெட்டுறோம், இல்லேன்னா உக்காந்துக்கிறோம். நீ மட்டும் ஊதிராதய்யா. உன் சங்கு கேட்டா பாதிப் பேருக்குக் கால் தானா நடந்துரும்."

"நூறு பேர் உக்காந்தா எவன் மொதல்ல உக்காந்தான்னு துரைக்குத் தெரியாது," என்றான் குவாக்கோ. "ஊதாதவன் நான் ஒருத்தன்தானே?"

கேட்டோ தரையைப் பார்த்தான். "நாம ஒண்ணும் புதுசாக் கேக்கலியே. இங்கிலாந்து ராஜா விடுதலைக் காகிதம் அனுப்பிட்டாரு. துரைதான் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாரு."

பெனிபா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "அந்தப் பெட்டிய நீதானேடா செஞ்சே? தொறந்து பாக்க வேண்டியதுதானே?"

"பெட்டிதான் நான் செஞ்சேன் அக்கா. பூட்டு நான் செய்யலியே."

"வாய்க்கு மட்டும் உனக்குப் பூட்டே இல்லாமப் போச்சு. இவரு கழுத்துக்குக் கயிறு வந்தா, அதுக்கும் நீதான் மரம் இழைப்பே, போ."

கேட்டோ சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

பொழுது சாயும்போது எதிர்மலையில் தீ ஏறியது. யாரோ கரும்புச் சக்கைக் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள். குடிசை வாசல்களில் நின்று எல்லோரும் அதைப் பார்த்தார்கள். "உக்கார்றதாத்தானே பேச்சு?" என்று பெனிபா மெல்லக் கேட்டாள்.

புதன்கிழமை விடிந்தபோது காற்றில் தீய்ந்த சர்க்கரைப் பாகின் வாசனை இருந்தது. குவாக்கோ சங்கை மூன்று முறை தட்டினான். தண்ணீர் விட்டுக் கொட்டினான். துளையைத் துடைத்தான். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான். ஒவ்வொரு குடிசைக்குள்ளும் ஆட்கள் விழித்துக் கிடந்தார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு துரை வந்தார். சட்டைப் பொத்தான் போடவில்லை. இடுப்பில் துப்பாக்கி இருந்தது.

"டேய் குவாக்கோ, செத்துட்டியாடா?"

"இல்ல தொரை."

"அப்போ ஊதுடா."

"கூலி உண்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க தொரை. ஊதுறேன்."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று அவனுக்கே தெரிந்தது. துரை சங்கைப் பிடுங்கித் தானே ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி கன்னம் உப்ப ஊதினார். இந்த முறை ஓர் அசிங்கமான சத்தம் வந்தது.

"தொரைக்கு ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல போல!" ஏதோ ஒரு குடிசைக்குள்ளிருந்து பெண்குரல் கேட்டது. சிரிப்பு சுவருக்குச் சுவர் தாவியது.

குவாக்கோ சிரிக்கவில்லை. பதினாறு வருடத்தில் முதல்முறையாக அந்த நேரத்தில் அவன் கண் திறந்திருந்தது. துரையின் முகத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். துரை சங்கை உடைக்கவில்லை. பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கல்லின்மேல் மெதுவாக வைத்தார்.

"உன்ன ஞாபகம் வெச்சுக்கிறேன்," என்றார். குதிரையேறி நகரத்தை நோக்கிப் போய்விட்டார்.

அதன்பின் ஒன்பது நாள் யாரும் வேலை செய்யவில்லை, யாரும் நிம்மதியாகத் தூங்கவுமில்லை. பகலில் புகை, அந்தியில் தீ. ஒவ்வொரு நாளும் மலை வேறு இடத்தில் எரிந்தது. பத்தாம் நாள் படை வந்தது. கேட்டோ காட்டுக்குள் ஓடினான். அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. குவாக்கோவின் கால் ஓடுவதற்கான கால் இல்லை.

மான்டேகோ பே நகரத்தில் ராணுவ விசாரணை நடந்தது. கலகக்காரர்களைக் கூட்ட இவன் சங்கு ஊதினானா என்று அதிகாரி கேட்டார். இல்லை, ஊதவே இல்லை, அதுதான் குற்றம் என்றார் துரை. அதிகாரி ஒரு நொடி எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். பெனிபா கிழங்கு வேகவைத்துக் கொண்டுபோயிருந்தாள். அன்றே சந்தைச் சதுக்கத்துத் தூக்குமரத்தில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோதும் அவள் கையில் சட்டி சூடாகவே இருந்தது.

அந்தத் தீவில் இத்தனை பேரைச் சுட்டும் தூக்கிலிட்டும்தான் கரும்பு வெட்டவைக்க முடிகிறது என்ற செய்தி கடல் கடந்து போனது. அடுத்தமுறை என்ன ஆகும் என்று லண்டனில் கேட்க ஆரம்பித்தார்கள். இருபது மாதத்தில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அவர்கள் உட்கார்ந்த நாளில் எந்தப் பெட்டியிலும் எந்தக் காகிதமும் இருக்கவில்லை.

முழு விடுதலை வர 1838 ஆயிற்று. அந்த வருடம் பெனிபா சந்தையில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவர் வந்து குந்தினார். எந்தத் தோட்டத்தாள் என்று விசாரித்தார். சொன்னாள்.

"அப்போ மேல்மலைச் சங்கூதி உனக்கு யாரும்மா?"

"எம் புருசன்."

கிழவர் எடுத்த கிழங்கைத் திரும்ப வைத்தார். "நான் பள்ளத்துத் தோட்டத்துச் சங்கூதிம்மா. எங்க ஆளுங்க உக்கார்றதா இல்ல, பயந்துட்டாங்க. மேலேருந்து அவரு சத்தம் வந்தாத்தான் நான் ஊதுவேன். அன்னைக்கு வாயில வெச்சபடியே நின்னேன். வரவே இல்ல. நானும் கீழ வெச்சுட்டேன். என் சத்தத்துக்குக் காத்திருந்த ரெண்டு தோட்டமும் வேலைக்கு எந்திரிக்கல."