தெற்கு அறைக்கு எண்பதாயிரம்

வீடு விற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுங்கள், வாயைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கத்திக் கத்தி உட்கார வைத்த வாய் இது. ஓய்வு பெற்ற பிறகு பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வேளூரில் இருந்த எங்கள் வீட்டைப் பார்க்க அந்தச் சின்ன வயசுத் தம்பதி வந்தார்கள்.

வீட்டை விற்றே ஆக வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூர் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம். போகும்போது மனுஷனாகப் போவார், வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வந்து விழுவார். எட்டு மாதம் அப்படி ஓடினோம். இனிமேல் அவர் உடம்பு தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். தஞ்சாவூரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் படி ஏறாமல் நுழைகிற மாதிரி இரண்டு அறை கொண்ட ஒரு வீடு கிடைத்தது. அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்ட ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்திருந்தார்கள். கட்டாவிட்டால் வீடும் போச்சு, அட்வான்ஸும் போச்சு.

சென்னையில் இருக்கும் என் மகன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "அம்மா, அப்பாவுக்கு முடியலைங்கிறதையும் நமக்கு அவசரங்கிறதையும் வாய் விட்டுடாத. விலை விழுந்துடும்." சரி என்றேன். அதை மட்டும் காப்பாற்றினேன். மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

வந்த பையன் நாகப்பட்டினத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். முகத்தில் சிரிப்பு குறைவு, மரியாதைக்குக் குறைவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூட டீச்சர், ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் கூடத்தில் நின்று அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்து, "நல்லாருக்கும்மா வீடு" என்றாள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் வீட்டைச் சுற்றிக் காட்டினேன் என்றா நினைக்கிறீர்கள், எங்கள் நாற்பத்துமூன்று வருஷத்தையும் சுற்றிக் காட்டினேன்.

அடுப்படியில் மேற்கு மூலை ஒழுகும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அங்கே ஓர் அண்டாவை வைத்துவிடுவேன். என் மகன் அதற்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வாய்ப்பாடு. எத்தனையோ தடவை அந்த இடத்தைப் பூசினோம், அது ஒழுகுவதை நிறுத்தவில்லை. அவன் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்வதற்கு அந்த ஒழுக்குதான் காரணம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

கொல்லைச் சுவரில் விரிசல். புயலில் தென்னை சாய்ந்து விழுந்த இடம். ஊரில் நாலு நாள் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. விழுந்த மரத்தில் இருந்த இளநீரைத் தெருவே வந்து வெட்டிக் குடித்தது. மரம் போன துக்கத்தைக்கூட மறந்து ஆளுக்கொரு காயைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாண வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். மோட்டார் பழசு. அதைப் போட்ட அன்றைக்குத் தெருவில் முதல் மோட்டார் எங்களுடையதுதான். குடத்தோடு வரிசை கட்டி நின்ற பெண்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் ஏதோ காவிரியையே திறந்துவிடுகிறவர் மாதிரி சுவிட்சைப் போட்டார்.

பிறகு வெள்ளம். வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருஷம், தண்ணீர் எங்கள் வாசலில் இரண்டாவது படி வரைக்கும் ஏறி நின்றது. உள்ளே வரவில்லை. வண்டி வண்டியாக மண் அடித்து மேடாக்கிக் கட்டிய வீடு. அந்தத் தெருவில் தண்ணீர் நுழையாத ஒரே வீடு எங்களுடையது. இருபது பேர் கூடத்தில் படுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய பாத்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்து மூன்று நாள் சாம்பார் சாதம் கிண்டிப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் ராணியாக இருந்த மூன்று நாள் அவை. இதையும் சொன்னேன். பையன் கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். கம்பெனி வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசித் தடவை வந்தபோது அந்தப் பெண், "எந்த ரூம்ல காத்து நல்லா வரும்மா? குழந்தைக்கு வேணும்ல" என்று கேட்டாள். தெற்கு அறையைத் திறந்து காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வயல்தான். சம்பா பச்சை பிடித்து நிற்கும் காலத்தில் அந்தக் காற்றுக்கு ஈடே கிடையாது. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எங்கள் மூத்த பெண் ஏழு வயசில் காய்ச்சலில் போய்விட்டாள், இந்த ஜன்னலுக்குக் கீழேதான் கிடத்தியிருந்தோம் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை யாரோ ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளைக்கு மனசு லேசாக இருந்தது.

விலை முப்பத்திரண்டு லட்சம் என்று பேசி முடித்தோம். அட்வான்ஸ் வாங்கினோம், பத்திரத்துக்கு நாள் குறித்தோம். அது ஒரு புதன்கிழமை, தஞ்சாவூர் வீட்டுக்குக் கெடு வைத்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். செவ்வாய் சாயங்காலம் அந்தப் பையன் போன் செய்தான்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். வீட்ல கொஞ்சம் குறை இருக்கு. எல்லாத்தையும் லிஸ்ட் போட்டுப் பார்த்தோம். மூணு லட்சம் குறைச்சுக்கிட்டீங்கன்னா நாளைக்கே முடிச்சுடலாம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "மூணு லட்சம் சின்ன விஷயமா தம்பி? மூணு தடவை வந்து பாத்தீங்க, அப்பெல்லாம் கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். அவன், "காலைல பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டான். நான் வீடு அதிரக் கத்தினேன். விற்கவே போவதில்லை, அட்வான்ஸை மூஞ்சியில் விட்டெறிகிறேன் என்றெல்லாம் கத்தினேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி, "போய்ப் பேசிக்கலாம், விடு" என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் தஞ்சாவூர் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் சத்தம் அடங்கிவிட்டது. மூஞ்சியில் விட்டெறிய எங்களிடம் என்ன இருந்தது.

காலையில் பத்திர ஆபீசுக்கு எதிரில், பத்திரம் எழுதுகிறவர் கடையில் உட்கார்ந்தோம். கிரயப் பத்திரம் அடித்துத் தயாராக மேசைமேல் இருந்தது. பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். கம்ப்யூட்டரில் அடித்து, வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தொகை. எழுதுகிறவர், "படிங்க, பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

"அடுப்படி ஒழுக்கு, நாப்பதாயிரம்" என்று ஆரம்பித்தான்.

என் வாயிலிருந்து விழுந்ததெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. என் அண்டா, என் தென்னை, என் மோட்டார். கொல்லைச் சுவர் விரிசல், அறுபதாயிரம். மோட்டார் மாற்ற, இருபதாயிரம். இவன் கைபேசியில் தட்டியது கம்பெனி வேலை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கோபம் அவன்மேல்கூட இல்லை, என் நாக்கின்மேல்தான்.

"வெள்ளம் வர்ற இடம், ஒரு லட்சம்."

"தம்பி, வெள்ளம் வராத வீடுன்னுதானே சொன்னேன்" என்றேன். "தெருவே வந்து எங்க வீட்ல படுத்துச்சுன்னு சொன்னது, தண்ணி உள்ள வரலைங்கிறதுக்காக."

"படி வரைக்கும் வந்துச்சுன்னு நீங்கதாம்மா சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் என் பக்கம் சாய்ந்து, "ஆளுக்குப் பாதின்னு முடிச்சுக்குங்கம்மா, நல்ல காரியம் நிக்கக் கூடாது" என்றார். பாதி என்றாலும் ஒன்றரை லட்சம். அதற்கு எங்கே போவது என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். அவன் அடுத்ததைப் படித்தான்.

"தெற்கு ரூம். அதுல சாவு நடந்திருக்கு. எண்பதாயிரம்."

பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அந்தப் பையன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க அம்மா சொல்றாங்கம்மா. பிள்ளை பொறக்கப்போற வீடு, பரிகாரம் எல்லாம் பண்ணணும்ங்கிறாங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். நெல் கொள்முதல் நிலையத்தில் காலமெல்லாம் பில் எழுதியவர். விவசாயியோடும் வியாபாரியோடும் ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவர். அன்றைக்கும் உரக்கப் பேசவில்லை.

"தம்பி, அவ அந்த ரூம்லதான் பொறந்தா. அதுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

அவன் தலையைத் தூக்கினான். எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்தார். என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "அப்ப வீடே அந்த ஒரு ரூமும் அடுப்படியும்தாம்மா. ரோடெல்லாம் தண்ணி, வண்டி போகலை. நர்சம்மா முழங்கால் தண்ணில நடந்து வந்தாங்க. காலைல ஏழு மணிக்குப் பொறந்தா. நல்ல வெயிட்டு. எந்தக் குறையும் இல்லை. அந்த ரூம்ல ஏழு வருஷம் இருந்தா. அதுல கடைசி நாலு நாள்தாம்மா காய்ச்சல்."

நான் அந்தப் பெண்ணிடம் சாவை மட்டும் சொல்லியிருந்தேன். பிறந்ததைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக எனக்கே அந்த அறை என்றால் அந்த நாலு நாள்தான் ஞாபகம். முதல் அழுகை, சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கியது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலில் நாற்று நடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசியது, எல்லாவற்றையும் அந்த நாலு நாளுக்கு அடியில் போட்டு மூடியிருக்கிறேன்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். புருஷன் கையிலிருந்த தாளை வாங்கி, எழுதுகிறவரின் பேனாவைக் கேட்டு, தெற்கு அறையை அடித்தாள். வெள்ளத்தை அடித்தாள். கொல்லைச் சுவரையும் அடித்தாள். "உங்கம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அவனிடம் சொன்னாள். அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கய்யா" என்றான். மோட்டாரும் அடுப்படி ஒழுக்கும் மட்டும் மிச்சம் இருந்தன. அவை இரண்டும் நியாயமான குறைகள், இல்லையென்று சொல்ல முடியாது. அறுபதாயிரம் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தேன். அந்தக் குறைக்கு என் கையில் கிடந்த ஒரு வளையல் போதும். தஞ்சாவூர் வீடு கையை விட்டுப் போகாது என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

பத்திரத்தில் தொகையைத் திருத்தி அடித்துக்கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஆபீஸ் வராந்தா பெஞ்சில் கூப்பிடும் வரை காத்திருந்தோம். நானும் அவரும் ஒரு பெஞ்சில், அவர்கள் இருவரும் எதிர் பெஞ்சில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த மனுஷன் எனக்குப் புதுசாகத் தெரிந்தார். பெண் போன பிறகு ஒருநாள்கூட அவர் அவளைப் பற்றிப் பேசியதில்லை. திதி வந்தால் ஏதாவது காரணம் சொல்லி வெளியே போய்விடுவார். அவள் பாவாடைகளை நான் எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது ஏன் என்று கேட்கவில்லை. இவர் மறந்துவிட்டார், கல்நெஞ்சுக்காரர் என்று முடிவு கட்டி, அந்தக் கோபத்தை உப்பு புளிக்குச் சண்டை போடும்போதெல்லாம் எடுத்து அவர்மேல் எறிந்திருக்கிறேன். அது அவருக்கும் தெரியும். ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. பிறந்த மணியைக்கூட மறக்காதவரிடம் நான் இத்தனை வருஷம் என்ன பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"இப்ப இருந்தா அவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் கூட்டிக்கொண்டேதானே வருகிறேன்.

"நாப்பத்தி ரெண்டுங்க."

"நானும் அதேதான் போட்டு வெச்சிருந்தேன்" என்றார்.

உள்ளே எங்களைக் கூப்பிட்டார்கள். அவர் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு போனேன்.