திரும்பிப் போகும் டிக்கெட்

எங்கள் தீவில், கலிபிஷி கிராமத்தில் உள்ள மிஸ் யூலாலியின் விடுதிக்கு யார் தொலைபேசியில் அழைத்தாலும், வாடகையைச் சொல்வதற்கு முன்பே அவள் எச்சரிக்கைகளை ஆரம்பித்துவிடுவாள். கொசு மருந்து கொண்டு வாருங்கள். ராணுவ உடுப்பு மாதிரிச் சட்டை வேண்டாம், இங்கே அதற்குத் தடை, போலீசார் பிடுங்கிக்கொள்வார்கள். மழைக்கு மஞ்சினீல் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், அதிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டால் தோல் வெந்துபோகும். திரும்பிப் போகும் டிக்கெட் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே உட்கார வேண்டியதுதான். அவளுடைய விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் டாக்சிக்காரன் நான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

பர்மிங்காமில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கார்ல்டன், மனைவி இறந்த பிறகு ஜனவரிதோறும் இங்கே வருவார். மூன்று வாரம் மிஸ் யூலாலியின் கூரையைச் சரிசெய்கிறேன் என்று ஏறுவார், அவள் கீழே நின்று திட்டுவாள், இருவரும் சிரிப்பார்கள். அவர் போனதும் மிஸ் யூலாலி யாரைக் கண்டாலும் வள்ளென்று விழுவாள். ஊருக்கே தெரிந்த சங்கதி. சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

அவரை அழைத்துவரப் போகும்போது காரில் மிஸ் யூலாலியிடம் கேட்டேன். "இந்தத் தடவை எப்பத் திரும்பிப் போறாராம்?"

"கேக்கல. கேட்டா தேதியச் சொல்லிடுவாரு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அவளுக்குப் பயம். பாவமாக இருந்தது.

விமானத்தில் வந்த எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், அவரை மட்டும் காணோம். குடியேற்ற அதிகாரி ஷெர்மா எங்கள் ஊர்ப் பெண். கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, உள்ள வாங்க. உங்க ஆளு திரும்பிப் போற டிக்கெட் இல்லாம வந்திருக்காரு."

அவ்வளவுதான். மிஸ் யூலாலி பொரிந்து தள்ளினாள். "எத்தனை தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! டிக்கெட் இல்லாம உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னேனா இல்லையா? இந்த வயசுலயே மறதியா? ஒரு டிக்கெட் வாங்கத் துப்பு..."

"மறக்கல யூலாலி," என்றார் கார்ல்டன், தொப்பியைக் கசக்கியபடி. "வேணும்னுதான் வாங்கல."

அவள் அந்தத் தொப்பியை வாங்கிச் சுருக்கத்தை நீவிவிட ஆரம்பித்தாள். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஷெர்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "யாராவது பொறுப்பு ஏத்துக்கணும் ஆன்ட்டி. உடம்புக்கு முடியலன்னாலும் நீங்கதான் பாத்துக்கணும். சம்மதமா?"

"என்ன ஷெர்மா, கல்யாணத்துல பாதிரியார் மாதிரி கேக்குற?" என்றேன்.

"நீ சும்மா இருடா ஹோசியா," என்ற மிஸ் யூலாலி, ஷெர்மாவிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "சம்மதம்."

அவருடைய பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

திரும்பும்போது இருவரும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் மிஸ் யூலாலி தொண்டையைச் செருமினாள்.

"உங்க ரூம போன வாரமே வேற ஆளுக்கு விட்டுட்டேன்."

"ஐயோ! அப்ப நான் எங்க படுக்குறது?"

"அதையும் நானே சொல்லணுமா, மரமண்ட?"