மூன்றாவது ராத்திரி

கணக்கில் எனக்கு முப்பத்தைந்து மார்க்குக்கு மேல் வந்ததேயில்லை. ஆனாலும் மூன்று வரை எண்ணத் தெரியும். பத்து வயதில் நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

கண்டியில் எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலைக்குத் தலைவர் பெரியப்பா. வாரநாட்களில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கச்சேரியை விட்டு இறங்கமாட்டார். பெரிய வெள்ளிக்கு முன் அவர் வைக்கும் வேதாகமப் பரீட்சையில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு, உயிர்த்த ஞாயிறு நாடகத்தில் தேவதூதன் வேஷம். கல் புரட்டித் திறந்துகிடக்கும் கல்லறை வாசலில் நின்று "அவர் இங்கே இல்லை" என்று சொல்லவேண்டும். முதுகில் இரண்டு சிறகு. வசனம் யாருக்கு வேண்டும்? எனக்குச் சிறகு வேண்டும். நான்தான் வருவேன் என்ற நம்பிக்கையில் அம்மா தன் கல்யாணச் சாரியை வெட்டிச் சட்டையே தைக்கத் தொடங்கிவிட்டாள்.

படிக்க உட்கார்ந்தபோதுதான் வினை. மூன்று பகலும் மூன்று இரவும் பூமிக்குள் இருப்பேன் என்ற ஆண்டவர், வெள்ளி பின்னேரம் அடக்கமாகி ஞாயிறு விடியுமுன் எழுந்துவிட்டால், இரண்டு ராத்திரிதானே வருகிறது? கால்விரலையும் சேர்த்து எண்ணினேன். கூடவில்லை. அடுத்தது, அவர் உடலில் பூச வாசனைப் பொருளோடு கல்லறைக்குப் போன பெண்கள். ஓய்வுநாள் முடிந்தபிறகே வாசனைப் பொருள் வாங்கினார்கள் என்கிறார் மாற்கு. ஓய்வுநாளுக்கு முன்பே அதை ஆயத்தம் செய்து வைத்தார்கள் என்கிறார் லூக்கா. வாங்காத ஏலக்காயை எப்படி இடிப்பது?

விடை கோழிக்கடையில் கிடைத்தது. ஒரு புதன் மாலை அம்மா என்னை அங்கே அனுப்பினாள். இறைச்சி தொடக்கூடாத தபசுகாலத்தில் எங்கள் வீட்டில் கோழி வேகும் விஷயம் பெரியப்பாவுக்குத் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். கடையில் ஒரே கூட்டம். திகனயிலிருந்து வந்து கடை நடத்திய முஸ்லிம் நானா, கத்தியை நிறுத்தாமலே சொன்னார்:

"நாளைக்கு போயா மகள், கடை பூட்டு. இப்பவே எடுங்க. இல்லாட்டி வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு முந்தி வாங்க."

போயா! முழுநிலவென்றால் பௌத்தர்களுக்குப் புனித நாள், நாடு முழுக்க லீவு. யூதர்களின் பஸ்காப் பண்டிகையும் முழுநிலவில்தான் வரும் என்று பெரியப்பாவே கரும்பலகையில் எழுதியிருந்தார். ஆண்டவர் மரித்த மறுநாள் பெரிய ஓய்வுநாள் என்று யோவானும் சொல்கிறார். அப்படியென்றால் அந்தப் பெரிய ஓய்வுநாள் சனியல்ல, பண்டிகை லீவு; அந்த வாரம் எருசலேமில் வியாழக்கிழமை போயா. சனி, வழக்கமான ஓய்வு. நடுவில் வெள்ளி கடை திறந்திருக்கும். வாங்கலாம், இடிக்கலாம், சனி ஓய்ந்திருந்து ஞாயிறு போகலாம். சிலுவை புதன்கிழமை. அவர் சனி பொழுதுபடும்போதே எழுந்துவிட்டிருந்தால் ராத்திரியும் மூன்று! கோழியைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்று "அல்லேலூயா" என்றேன். பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

பரீட்சைத் தாளில் முதல் கேள்வியே, ஆண்டவர் மரித்தது எந்தக் கிழமை என்பதுதான். "புதன். வியாழன் போயா" என்று எழுதினேன்.

தாளோடு பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா எழுந்து கதிரையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். அண்ணனிடம் அப்பாவுக்குத் தெரிந்த பேச்சு இரண்டே இரண்டு: "சரிங்கண்ணே", "ஆமாங்கண்ணே".

"எருசலேம்ல போயாவா? புத்தர் அங்க எப்ப போனாரு?"

"வெளங்குறதுக்காக எழுதினேன் பெரியப்பா. அது அவங்க போயா."

"யூதங்க கணக்குல அரை நாளும் ஒரு நாள்தான். வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு ஆச்சா?"

"அது பகல். மூணாவது ராத்திரி எங்க பெரியப்பா?"

பெரியப்பா கூரையைப் பார்த்தார். அங்கேயும் அது இல்லை.

"சபையே வெள்ளின்னு சொல்லுது, இவ கோழிக்கடைக் கணக்குச் சொல்றா," என்று அப்பாவிடம் திரும்பினார். "மத்ததெல்லாம் சரி. இத மட்டும் வெட்டிட்டு வெள்ளின்னு எழுதச் சொல்லு. சிறகு இவளுக்குத்தான்."

"சரிங்கண்ணே," என்ற அப்பா, பேனையை என்னிடம் நீட்டினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சிறகை நினைத்தேன். மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, புதனுக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டேன். ஒன்று போதாதென்று இன்னொன்றும்.

சிறகு பெரியப்பா மகளுக்குப் போனது. அம்மா தைத்த சட்டையும் கூடவே போனது. எனக்கு, வாசனைப் பொருள் சுமக்கும் பெண்களில் கடைசிப் பெண் வேஷம். வாயே திறக்கக்கூடாது. சாரியில் மிஞ்சிய துண்டை அம்மா எனக்கு முக்காடாகப் போட்டுவிட்டாள்.

ஞாயிறு விடியற்காலை ஆலயம் நிரம்பி வழிந்தது. "அவர் இங்கே இல்லை," என்றாள் தேவதூதன். நாங்கள் பேசாமல் திரும்பவேண்டும். மற்றவர்கள் திரும்பினார்கள். நான் கறுவாவும் ஏலமும் கராம்பும் இருந்த தட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"பரவால்லக்கா! நாங்க வெள்ளிக்கெழமயே வாங்கிட்டோம். அன்னைக்குக் கடை தொறந்திருந்துச்சி!"

முன்வாங்கில் பெரியப்பாவின் காது சிவந்தது. அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு கைதட்டல். ஒரே ஒருவர். எழுந்து நின்று தட்டியது அப்பா.

பெரியப்பா திரும்பி, "உக்காருடா," என்றார். அப்பா உட்காரவில்லை. தட்டிக்கொண்டே நின்றார்.

எனக்குத்தான் தட்டுகிறார் என்று, இல்லாத சிறகை விரித்துக் குனிந்து வணங்கினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே நடந்தார். எறும்பு ஏதும் கடித்திருக்கும் என்று நினைத்தேன். அன்று காலை கல்லைப் புரட்டியது நான்தான் என்று, அதன் பிறகும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.